மனு எழுதிய பாதிரியார்

சென்னைக் கடற்கரையில் மூன்று பாதிரிகள் சிலையாக நிற்கிறார்கள். வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டவை. சதுரகராதி, ஒப்பிலக்கணம், திருக்குறள் மொழிபெயர்ப்பு என்று மூவரிடமும் நாம் பெற்றுக்கொண்டதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பாதிரி தமிழுக்கு என்ன செய்தார் என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே அளவுகோல். தமிழ் பேசியவனுக்கு என்ன செய்தார் என்று கேட்கிற பழக்கம் நம் மேடைகளுக்கும் இல்லை, விமர்சனத்துக்கும் இல்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வில்லியம் கௌடி (1857-1922) கணக்கிலேயே வரமாட்டார்.

கௌடி வெஸ்லியன் மெதடிஸ்ட். ஸ்காட்லாந்துக்கும் வடக்கே இருக்கிற ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து 1880களில் சென்னைக்கு வந்தவர். பட்டணத்தில் சில காலம் இருந்துவிட்டு, பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டுக்குப் போனார். அவருடைய ஊழியத்தின் சாரமான வருஷங்கள் அங்கேதான் கழிந்தன. பிற்காலத்தில் லண்டனில் மிஷன் செயலாளர்களில் ஒருவரானார் என்பது என் அக்கறைக்கு வெளியே. நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கிக் கிளை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. ஈக்காட்டுக்குத் திருவள்ளூரில் பஸ் மாற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மெதடிஸ்ட் என்ற சொல் அங்கே புழக்கத்தில் இல்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியன் சபைகள் அதில் கரைந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடிருக்கிறது. 1817இல் ஜேம்ஸ் லிஞ்ச் வழியாக வெஸ்லியன் மிஷன் சென்னைக்கு வந்ததே யாழ்ப்பாணத்திலிருந்துதான்.

ஷெட்லண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே நிலம் பிரபுக்களுடையது. குடியானவன் துண்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, பிரபுவுக்காக அல்லது அவரிடம் குத்தகை எடுத்த வியாபாரிக்காகக் கடலில் மீன் பிடிக்க வேண்டும். பிடித்த மீனுக்குக் காசு கிடையாது. வியாபாரியின் கடையில் பற்று எழுதிக்கொள்வார்கள். அந்தப் பற்று தீருவதில்லை. முரண்டினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். இதை விசாரிக்க 1872இல் அரசு கமிஷனே உட்கார்ந்தது. 1886இல்தான், வாடகை கட்டுகிறவரை குடியானவனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. கௌடி வீட்டார் இதில் எந்தப் பக்கம் என்பதை வைத்து நான் எதுவும் கட்டப் போவதில்லை. ஆனால் அந்தத் தீவில் வளர்ந்த ஒருவன் செங்கல்பட்டு ஜில்லாச் சேரி ஒன்றில் வந்து நின்றபோது, அங்கே கண்டது அவனுக்கு முழுக்கப் புதிதாக இருந்திருக்க முடியாது.

செங்கல்பட்டு மிராசு ஜில்லா. ஊரின் நிலத்தில் மட்டுமல்ல, தரிசிலும் புறம்போக்கிலும்கூட மிராசுதாருக்கு முதல் பாத்தியதை உண்டு என்பது சம்பிரதாயம். பறையர் படியாளாகவோ பண்ணையாளாகவோ உழைத்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடன் மகன் தலைமுறைக்கும் தொடரும். இதெல்லாம் பலரும் எழுதியதுதான். குறைவாக எழுதப்பட்டது ஒன்று உண்டு: சேரிக் குடிசை நின்ற தரை. பல ஊர்களில் அதுவும் மிராசுதாருடையது என்றே பாவிக்கப்பட்டது. சுவர் இவன் குழைத்த மண். அதற்கடியில் இருக்கிற மண் இவனுடையதல்ல. பள்ளிக்கூடம் வந்தாலும், ஜெபம் வந்தாலும், கூலி கூடக் கேட்டாலும், ‘வீட்டைப் பிரித்துக்கொண்டு போ’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஆகவே ஒரு கிராமத்துப் பாதிரியின் வேலை பிரசங்கத்தோடு நிற்க முடியவில்லை. தரிசு நிலம் கேட்கும் விண்ணப்பத்துக்கு அந்தக் காலத்தில் தர்க்காஸ்து என்று பெயர். மனுவை எழுத வேண்டும். சர்வே நம்பர் வேண்டும். நம்பர் கர்ணத்திடம் இருக்கிறது, கர்ணம் மிராசுதாருக்கு உறவாகவோ வேண்டியவனாகவோ இருக்கிறான். மனு போன சேதி ஊருக்குள் வந்தவுடன், தரிசாகக் கிடந்த நிலம் மேய்ச்சல் நிலமாகிவிடும், அல்லது ஏரி நீர்ப்பிடியாகிவிடும், அல்லது மிராசுதாரே முந்தி ஒரு தர்க்காஸ்து போட்டிருப்பார். தாசில்தாரிடம் போக வேண்டும். அங்கே நிராகரித்தால் கலெக்டருக்கு அப்பீல். நடுவில் மனுதாரன் மேல் நெல் திருடினான் என்று ஒரு கேஸ். ஆத்துமாக்களை இரட்சிக்க வந்தவர் தலைக்கு இவ்வளவு காகிதம். இது பாதிரி உத்தியோகத்தின் சரிவு என்று நினைத்தவர்கள் மிஷனுக்குள்ளேயே இருந்தார்கள். எனக்கு, காகிதத்தோடு காலந்தள்ளுகிறவன் என்பதாலோ என்னவோ, அவருடைய ஊழியத்தின் மிக ஆத்மார்த்தமான பகுதி இதுதான் என்று படுகிறது. பிரசங்கத்தை யாரும் எதிர்த்து அப்பீல் செய்வதில்லை.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் ஜில்லாவின் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மனைக்கட்டுக்கு உரிமை, நிலம், பள்ளிக்கூடம், அடிமை ஒப்பந்தங்களிலிருந்து விடுதலை கேட்டது அந்த அறிக்கை. மேலே இருந்தவர்கள் அதை உற்சாகமாக வரவேற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்டு ஓர் ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் ஆதி அதுதான். கௌடியும், ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் இதே காலத்தில் இதே ஜில்லாவில் இதற்காக வாதாடிக்கொண்டிருந்தவர்கள். ஆண்ட்ரூ உண்டாக்கிய மெல்ரோசாபுரம் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கௌடி 1894இல் ‘ஹார்வெஸ்ட் ஃபீல்ட்’ என்ற மிஷனரிப் பத்திரிகையில் பறையரையும் நிலத்தையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆணை வந்து இரண்டு வருஷம் ஆகியும் எழுத விஷயம் இருந்திருக்கிறது.

சோற்றுக்காகச் சேர்ந்தார்களா, ஆத்துமாவுக்காகவா? இந்தக் கேள்வியை இந்துத் தரப்பு மட்டும் கேட்கவில்லை. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட, இந்தக் காலத்தைப் பற்றிய ஆங்கில நூல், மிஷனரிகளையே இந்தக் கேள்வி எப்படிக் குடைந்தது என்பதை விரிவாகக் காட்டுகிறது. மெதடிஸ்ட்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். முழு அங்கத்தினர் ஒரு பத்தி, பரீட்சையில் இருப்பவர் இன்னொரு பத்தி. உள்நோக்கத்தைப் பத்தி பிரித்து எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. குடிசை நிற்கிற தரைக்குப் பாத்தியதை கேட்பது லௌகீகம், தன்னை எவனும் காலி செய்யச் சொல்ல முடியாது என்று உணர்வது ஆன்மீகம் என்று எந்தக் கோட்டில் பிரிப்பது? நம் இலக்கியமும் இதில் அதிக தூரம் போகவில்லை. புதுமைப்பித்தனின் ‘புதிய நந்த’னில் வருகிற ஜான் ஐயர் சேரிப் பையனைப் படிக்கவைத்து, அவன் தன் பெண்ணை விரும்பியதும் விரட்டிவிடுகிறார். சரியான அடி. ஆனால் அந்த அடி விழுவது பாதிரியின் வீட்டுக் கூடத்தில். தாசில்தார் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்கிற பாதிரியும் அவருக்குப் பின்னால் நிற்கிற நாலு பேரும் தமிழ்க் கதைக்குள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நாலு பேரைச் சொல்லாமல் கௌடியை மட்டும் சொன்னால் அது மிஷன் அறிக்கையாகிவிடும். சேரிக்குள் பாதிரி வந்தார் என்றுதான் அறிக்கைகள் எழுதின. பெரும்பாலும் சேரிதான் பாதிரியைத் தேடிப் போயிற்று. எந்த மனுவை எவனிடம் கொடுத்தால் வெள்ளைக்காரக் கலெக்டர் படிப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாதிரியை அவர்கள் உபயோகித்துக்கொண்டார்கள் என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதே செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகையை ஆரம்பிக்கிறார்; எந்த மிஷனுடைய தயவிலும் அல்ல. அயோத்திதாசரின் இயக்கமும் அதே வருஷங்களைச் சேர்ந்ததுதான்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். கோபுரத்தில் ஏறி நின்று மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னார் என்றும், தீண்டாதாருக்குத் திருக்குலத்தார் என்று பேர் கொடுத்தார் என்றும் வழங்குகிறது. மந்திரம் கிடைத்தது, பேர் கிடைத்தது. மனைக்கட்டு கேட்க இன்னும் 800 வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது அந்த ஊரைச் சுற்றி நிலம் என்பது வேறு சரக்கு. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடிக்கொண்டு போயிற்று. 2010இல் ரெனோ-நிசான் ஒரகடத்தில். கம்பெனிக்கு நிலம், கம்பெனிக்கு வருகிறவனுக்கு மனை, மனைக்கு வங்கிக் கடன். என் மேஜைக்குச் சிட்டாவும் வில்லங்கச் சான்றும் வந்தபடி இருக்கின்றன. 1892 வகையறா நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: 10 வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, அதற்கப்புறமும் அந்த வகுப்பாருக்கே கைமாற்றலாம். மிராசுதார் மறு வாரமே எழுதி வாங்கிவிடுவார் என்று அறிந்து போட்ட நிபந்தனை, நியாயமானது. அதன் மறுபக்கத்தை நான் தினசரி பார்க்கிறேன். வங்கிக்கு அந்த நிலம் ஈடாகாது. கடன் நின்றுபோனால் ஏலத்தில் எடுக்க ஆளில்லை என்பார் வக்கீல். பக்கத்து சர்வே நம்பர் கோடி ரூபாய்க்குப் போகிறபோது இவனுக்கு ஒரு பம்ப்செட் கடன் கிடையாது. அப்புறம் வெள்ளைத் தாளில் எழுதி எவனிடமோ கொடுத்துவிடுகிறான். வாங்கியவன் கம்பி வேலி போட்டுக்கொண்டு பட்டாவை மாற்ற வழி தேடுகிறான். ராஜதானி முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். திரும்பக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இந்த ஜில்லாவின் சரித்திரம்தான். காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியவர்கள் மேல் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை.

போன மாசம் ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த பட்டா. விஷயம் வழக்கமானதுதான், வக்கீல் குறிப்பு எழுதியாகிவிட்டது. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டார், கோபப்படவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

‘‘இதுமேல நீங்க எதுவும் எழுதிடலியே, சார்?’’

இல்லை என்றேன். மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.