பொங்கிற்று, வேகவில்லை

சிம்லாவுக்கு மாற்றலாகி வந்தபின் நாம் கொண்டாடிய முதற் பொங்கலை எளிதில் மறப்பதற்கில்லை. அன்று நம் இல்லத்தில் பானை பொங்கிற்று, மனங்களும் பொங்கின, அரிசி மட்டும் வேகவில்லை.

நாம் இரயில்வேயில் எழுத்தர். நம் படிப்பு பள்ளியிறுதியோடு நின்றது. 1903-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கால்கா–சிம்லா மலைப்பாதையில், 656 மீட்டர் உயரத்திலுள்ள கால்காவிலிருந்து 2,075 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லா வரை வண்டி ஏறி வருகிறது. அந்த ஏற்றம் நம் அடுப்பங்கரை வரை வந்து வேலை செய்யும் என்று அன்று நாம் எண்ணவில்லை.

திருச்சியிலிருந்து வந்த தாயார், வெண்கலப் பானையையும் உடன் கொண்டுவந்தார். “குக்கரில் வைப்பது பொங்கலாகுமா?” என்பது அவர் கட்சி. பால் பொங்கியது, “பொங்கலோ பொங்கல்” என்று கூவினோம். ஒரு மணி நேரம் கடந்தும் பருப்பு கல்லாகவே கிடந்தது; அரிசி நடுவில் வேகவில்லை.

“பழைய பருப்பை வாங்கி வைத்திருக்கிறாயே! பிறந்த வீட்டில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?” என்று தாயார் மருமகளைக் கடிந்தார். தடுக்க வேண்டிய நாமோ, “பார்த்து வாங்கக் கூடாதா?” என்று ஒத்து ஊதினோம். இல்லாள் மறுமொழி கூறவில்லை, அன்று உண்ணவுமில்லை. மாமியும் மருமகளும் முகம் பாராத நாட்கள் தொடர்ந்தன. தாயார் ஊருக்குப் புறப்படுவதாகவும் கூறலானார்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் மகன் ஒருநாள், “பாட்டி, அதே அடுப்பில் வடை மட்டும் ஊரில் போலவே சிவந்ததே, எப்படி?” என்று கேட்டான். எவருக்கும் விடை தெரியவில்லை. குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அவன் ஆசிரியரிடம் கேட்டு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தான்.

தளதளவென்று கொதிக்கும் நீரில் அதனைப் பிடித்தான். பாதரசம் 93 பாகையில் நின்றது. தீயைக் கூட்டினோம், குமிழிகள் மிகுந்தன, ஆவி மிகுந்தது, பாதரசம் அசையவில்லை. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது என்றான் மகன். எண்ணெயில் அதனை இட வேண்டாமென்று ஆசிரியர் எச்சரித்திருந்தாராம்; 110 பாகை வரையே காட்டும் கருவி, அதற்குமேல் வெடித்துவிடும்.

காரணம் இதுதான். மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்து நிற்கும் வலிமை தன் ஆவிக்கு வரும்போதுதான் நீர் கொதிக்கும். சிம்லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே திருச்சியில் 100 பாகையை ஒட்டிக் கொதிக்கும் நீர், இங்கே 93-லேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பு வேறு, சூடு வேறு! எண்ணெயோ கொதிக்காமலே 170, 180 பாகை வரை காயும். ஆகவே வடைக்குக் குறையில்லை. குக்கரோ ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், இம்மலையிலும் உள்ளே நீர் 115 பாகை வரை சூடேறும்.

தாயார் வெப்பமானியைத் தம் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அம்மாடி, மலை செய்த குற்றத்துக்கு உன்னைத் திட்டிவிட்டேன்” என்றார். மறுநாள் காலை குக்கரைத் தாமே எடுத்து, பொங்கலுக்கு அரிசி களைந்து போட்டார். இல்லாள் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

தாயார் ஒரே சொல்லில் தம் பிழையை ஒப்புக்கொண்டார். அவரினும் இளையவரான நமக்கோ, அச்சொல் வர மேலும் இரண்டு நாட்கள் சென்றன.

அன்பர்களே! பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தின் காற்றும் நீரும் வேறு. வீட்டில் ஒன்று கெடுமாயின், வீட்டுப் பெண்ணைக் குறை கூறுமுன் காரணத்தைத் தேடுவோமாக.