பழசு எல்லாம் காயலான் கடைக்கா?

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை தாண்டியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. கரண்ட் போயிற்று. அப்புறம் செல்போன் டவர்களின் பேட்டரியும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகவும் வழியில்லை. இருபதாயிரம் ரூபாய் ஸ்மார்ட்போனைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு தெரு தள்ளி இருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க முடியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

அந்த நேரத்தில் பல இடங்களில் வேலை செய்தது எது தெரியுமா? ஹாலில் தூசி படிந்து கிடந்த பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன்! ஒரு வாரத்துக்குச் சென்னையில் அழைப்புகள் இலவசம் என்றுகூட அறிவித்தார்கள்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. பழைய செம்புக் கம்பி பேச்சை மட்டும் சுமப்பதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அதனால் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி தாங்கும்வரை போன் பேசும். (எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் அவுட்தான்.) இப்போது செம்பு போய் ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. வேகம் பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், அதோடு போனும் போச்சு.

அதே வெள்ளத்தில் ஹாம் ரேடியோக்காரர்களும் உதவிக்கு இறங்கினார்கள். ஒரு கார் பேட்டரி, கொஞ்சம் ஒயர், ஒரு செட். டவரும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.

சரி, இதெல்லாம் வெள்ளம் வந்தால் மட்டும்தானா? இன்டர்நெட் என்றைக்குமே ஒழுங்காக வராத ஊர்களுக்கு?

அதற்கும் இங்கேயே ஒரு உதாரணம் இருக்கிறது. அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1998ல் இவர்கள் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தார்கள். டெலிபோன் லைன் நம்பகமாக இல்லாத இடங்கள் அவை. அதனால் வில்லியனூரில் ஒரு தலைமை மையம் வைத்து, அங்கிருந்து வி.எச்.எஃப். ரேடியோ மூலம் கிராமங்களுக்குப் பேச்சையும் டேட்டாவையும் அனுப்பினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் இருந்து தகவலை எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படிக்கத் தெரியாதவரும் கேட்டுக்கொண்டே வலையைச் சரிபார்க்கலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்பு. 3,000 பேருக்கு மேல் மேட்டுப் பக்கம் ஓடித் தப்பினார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி... அவ்வளவுதான்!

இனி பணக் கணக்கு. பழைய நெட்வொர்க்குகளை மூடச் சொல்லப்படும் காரணம் எப்போதும் நஷ்டம்தான். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோதும் அதையே சொன்னார்கள். தந்தியைப் பொறுத்தவரை அது நியாயம்கூட, எஸ்.எம்.எஸ். வந்தபிறகு தந்திக்கு யார் போவார்கள்? ஆனால் எல்லாவற்றையும் அதே தராசில் வைக்கலாமா? தீ விபத்து நடக்காத வருஷத்தில் கட்டிய இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை எந்தக் கம்பெனியும் நஷ்டம் என்று அழுவதில்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியும் ரேடியோ டிரான்ஸ்மிட்டரும் அந்தப் பிரீமியம் மாதிரி. பேரேட்டில் தேய்மானம் கழித்து மதிப்பு பூஜ்யம் ஆகியிருக்கலாம். தேவைப்படும் நாளில் அதன் மதிப்பு வேறு.

ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் காமராஜர் சாலை ஆல் இந்தியா ரேடியோ நிலையத்தின் ஒலிபரப்பை ஒருவர் கேட்டாலும் சரி, அரைக்கோடிப் பேர் கேட்டாலும் சரி, செலவு ஒன்றுதான். நெட்வொர்க் பிஸி என்ற பேச்சே கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் 2004ல் ஆரம்பித்த 90.4 சமுதாய வானொலியும் இப்படித்தான். கேட்பவருக்கு வேண்டியது இரண்டு பென்சில் பேட்டரி.

செய்ய வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை. செல்போனில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023ல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. அடுத்த போன் வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஹாம் லைசென்ஸ் பரீட்சையை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம், தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இருக்கிற இத்தனை பள்ளிகளில், பள்ளிக்கு நாலு பிள்ளைகள் எழுதினாலே ஏரியாவுக்கு ஒரு குரல் கிடைத்துவிடும். செம்புக் கம்பியை எடுத்தே தீரவேண்டும் என்றால், மருத்துவமனைக்கும் ரேஷன் கடைக்கும் மட்டுமாவது ஒரு லைன் விட்டுவைக்கலாம். அதற்கான செலவு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரிகூட வராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் அதே கதைதான்: கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. எட்டு வருஷத்தில் போன்கள் எவ்வளவோ மாறிவிட்டன. டவருக்கு வேண்டிய கரண்ட் மட்டும் மாறவில்லை.