அலையின் உயரமும் காலமும்

காற்று அடங்கிய நாளில் கடலும் அடங்கியிருக்கும் என்று நம்புவது மனித இயல்பு. அந்நம்பிக்கை எப்போதும் மெய்யாவதில்லை. கரையில் நிற்பவர் காண்பது வந்து சேர்ந்த அலையை மட்டுமே. வரவிருக்கும் அலையை முன்னரே உணர்வது, கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டுள்ள மிதவை. அலையோடு ஏறி இறங்கும் அதன் அசைவை உள்ளிருக்கும் முடுக்கமானி அளக்கிறது. அவ்வளவீட்டிலிருந்து உயரம், காலம், திசை என்னும் மூன்று செய்திகள் கரையை அடைகின்றன.

மிதவை தரும் உயரம் தனியோர் அலையின் உயரமன்று. குறிப்பிட்ட நேரத்தில் எழுந்த அலைகளுள் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியே அது. ஆகவே, 2 மீட்டர் எனப் பதிவான நாளில் அதனினும் உயர்ந்த அலைகள் எழும். அரிதாக ஏறத்தாழ 4 மீட்டர் அலையும் எழக்கூடும்.

அலைக்காலம் என்பது ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வரும்வரை உள்ள இடைவெளி. அருகில் வீசும் காற்று எழுப்பும் அலைகளுக்கு அது பெரும்பாலும் 4 முதல் 8 விநாடி. தொலைதூரப் புயல் எழுப்பியவற்றுக்கு 15 விநாடியையும் தாண்டும். ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர்; 16 விநாடி அலைக்கோ 400 மீட்டர். உயரம் ஒன்றேயாயினும் பின்னது கரைக்குக் கொணரும் ஆற்றல் இருமடங்கு. ஆழம் குறைந்த இடத்தை அடைந்ததும் அது நிமிர்ந்தெழுந்து, மணற்பரப்பில் நெடுந்தொலைவு ஏறி, மீளும்போது நிற்பவரை இழுத்துச் செல்கிறது. திசை, எந்தக் கரை அதன் வலிமையை நேரே தாங்கும் என்பதைச் சொல்கிறது.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறக்கும் இத்தகைய நெடிய அலைகள் சில நாள்களில் கேரளக் கரையையும் தென்தமிழகக் கரையையும் அடைகின்றன. உள்ளூரில் காற்றோ மழையோ இராது. கடல்மட்டும் திடீரெனப் பொங்கும். கள்ளனைப்போல் வருவதால் கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரின் உயிரை இத்தகைய சீற்றம் பறித்தது. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுத்திருந்தது.

மிதவை எண்களைத்தான் தரும். அவற்றின் பொருளை மனிதரே உணர வேண்டும். 'ஒரு மீட்டர் அலைதானே' என்று உயரத்தை மட்டும் படிப்பவர் ஏமாறுவர். அதன் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும் காலத்தையும் சேர்த்துப் படிப்பவர், அமைதியாய்த் தோன்றும் கடலிலிருந்தும் விலகி நிற்பர். அறிவு கருவியோடு நின்றுவிடாமல் கரையில் நிற்பவரைச் சென்றடையும்போதே அது உயிர்காக்கும்.