ஓடாவியின் பழி

நம் பாட்டனார் ஓடாவி; கலம் கட்டுவதே அவர்தம் தொழில். அவர் கட்டிய தோணியொன்று கடலில் இறங்கிய சின்னாளிலேயே பலகை பிளந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, சரக்கு மட்டுமே போயிற்று. எனினும், "ஓடாவியின் கைப்பிழை" என ஊரார் ஒரே நாளில் தீர்ப்புரைத்தனர். கரையொதுங்கிய பலகையை எவரும் தொட்டுப் பார்த்தாரில்லை. அதன்பின் அவர் வாய்ச்சியைக் கையிலெடுக்கவேயில்லை என வாப்பா சொல்வார்கள்.

தமிழ் பயிற்றும் நமக்குக் கப்பற்பொறியியலில் என்ன வேலை என்று கேட்கலாம். அத்துறையில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், உடைந்த கலத்தை ஆய்வதும் ஒரு கல்வியே என்று கூறி, ஒரு வரலாற்றைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் கப்பல்களை விரைந்து கட்டினர். 'லிபர்ட்டி' வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டுமே 2,710. ஆணியறைந்து இணைக்கும் பழைய முறை குறைந்து, தகடுகள் பற்றவைக்கப்பட்டன. பற்றவைத்தோருள் பலர் தொழிலுக்குப் புதியோர், பெண்களும் பலர். 1943 சனவரி 16 அன்று, அவ்வாறே பற்றவைத்துக் கட்டிய 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், அலையற்ற நீரில் கட்டுண்டு நின்றபடியே இடைமுறிந்தது. புயலில்லை, பாறையில்லை! பழி பற்றவைத்தோர்மேல் விழுந்தது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உலோகவியலார் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார் உருக்கையே ஆராய்ந்தார். குளிர் ஓர் எல்லையைக் கடந்தால், வளைந்துகொடுக்க வேண்டிய அவ்வுருக்குக் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பது புலனாயிற்று. பற்றவைப்பிலும் குறைகள் இல்லாமலில்லை. ஆனால், வடிவமைப்பும் குற்றத்திற் பங்காளி. லிபர்ட்டிக் கப்பல்களின் சரக்கறை வாயிலைச் சதுரமாக வெட்டியிருந்தனர். அதன் கூர்மூலையில் இழுவிசை குவிந்து விரிசல் பிறந்தது. ஆணியறைந்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நிற்கக்கூடும். பற்றவைத்த கப்பலோ ஒரே தகடு போன்றது. தொடங்கிய விரிசல் தடையின்றி ஓடியது. பின்னர் மூலைகளை வளைவாக்கினர், விரிசலைத் தடுக்க ஆணியறைந்த பட்டைகளைச் சேர்த்தனர், உருக்கையும் திருத்தினர்.

உடைந்ததைக் கேட்காமல் தொட்டவனைக் கேட்பது எளிது. (விடைத்தாள் திருத்துகையில் நாமும் ஊராராகிவிடுவதுண்டு.)

பாட்டனாரின் வாய்ச்சி துருவேறி நம் வீட்டுப் பரணிற் கிடக்கிறது. அந்தப் பலகை என்ன மரம், எத்தனை மாதம் உலர்ந்தது, தோணியில் எவ்வளவு பாரம் ஏற்றினர் என வாப்பாவிடம் ஒருமுறை கேட்டோம். "அதை அன்றைக்கே யாரும் கேட்கவில்லையே" என்றார்கள்.