அத்திப்பட்டும் முப்பது லைஃபும்

"சார் எந்த ஊர்?"

"அத்திப்பட்டு."

"ஓ... 'சிட்டிஸன்' படத்துல காணாமப் போகுமே, அந்த ஊரா?"

2001-ல் அஜீத் நடித்த அந்தப் படம் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படத்தில் வருவது அத்திப்பட்டி. எங்களுடையது அத்திப்பட்டு. அதை மேப்பிலிருந்தே அழித்துவிட்டார்கள். எங்களுக்கோ, கும்மிடிப்பூண்டி லைனில் ஒன்றுக்கு இரண்டாக ஸ்டேஷன்கள் இருக்கின்றன: அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர். எங்கள் ஊரைக் காணாமல் அடிக்க நினைக்கிறவர்கள் இரண்டு ஸ்டேஷனையும் சேர்த்துத் தூக்க வேண்டும். லேசில் ஆகிற காரியமில்லை.

போன மாதம் அம்மா போன் செய்தாள்.

"பரண் ஒழிக்கிறேண்டா. உன் டி.வி. கேம் பொட்டி கெடக்குது. பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவன் வாசல்ல நிக்கறான். போட்றட்டா?"

"அம்மா, தொடாதே! ஞாயித்துக்கிழமை நானே வரேன்!"

எதிர்முனையில் ஒரு நிமிஷம் மௌனம். "பெத்தவங்களைப் பார்க்க வாடான்னா ஆறு மாசமா வேலை இருக்குன்னே. ஓட்டைப் பொட்டிக்கு ஓடி வர்றே. நல்லா இருடா."

அம்மா ஆடிட் செய்தால் எந்தக் கம்பெனியும் தப்பாது. பி.காம். படித்தது நான்தான் என்றாலும்!

ஞாயிறு காலை என் எட்டு வயது மகனுடன் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் என்று போகும். அடுத்து விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே ஸ்டேஷனுக்கும் நிலைத்துவிட்டது. எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்களை ஜன்னல் வழியாகக் காட்டினேன். பையன் செல்போனிலிருந்து அரை விநாடி தலையைத் தூக்கி, "அங்கிள் எந்த லெவல்ப்பா?" என்றான்.

பாலம் முடிந்தால் கண்ணில் படுவது புகைபோக்கிகள்தான். 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. 1996-க்குள் தலா 210 மெகாவாட்டில் மூன்று. அப்புறம் 600 மெகாவாட்டில் இரண்டு. பக்கத்து வல்லூரில் 500 மெகாவாட்டில் மூன்று. சென்னையில் யார் வீட்டு மிக்ஸி சுற்றினாலும் அதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தப் பெருமையெல்லாம் சரி. எங்கள் வீட்டில் கரண்ட் நிற்காது. அதுதான் இந்தக் கதையின் வில்லன்.

1998 தீபாவளி. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு (வீட்டில் கூப்பிடுவது 'நைனா'. பத்திரிகைக்காக அப்பா) நிலக்கரி வேகன் காலி செய்கிற வேலை. கான்ட்ராக்ட்தான். அப்போது எங்கள் பக்கத்துத் துறைமுகம் கிடையாது. கப்பலில் வரும் கரி சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி அத்திப்பட்டுக்கு வரும். அந்த வருஷம் ஓவர்டைம் காசு கொஞ்சம் சேர்ந்திருந்தது. "துணி வேணாம், டி.வி. கேம்தான் வேணும்" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் சத்தியாக்கிரகம் செய்தேன். (பக்கத்து வீட்டு அத்தை தினமும் இட்லி கொடுத்த விஷயம் வெளியே வரவில்லை.)

அப்பா என்னை பர்மா பஜாருக்கு அழைத்துப்போனார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே உண்டான கடை வரிசை அது. கடைக்காரர் 1,800 என்றார். அப்பா 600 என்றார். கடைக்காரர் சிரித்தார். அப்பா நடக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. ஐந்தாவது கடை தாண்டும்போது பின்னாலிருந்து குரல்: "அண்ணே, 900!" முடிந்தது 850-ல். அழுகையை அப்படியே பாதியில் நிறுத்தினேன்.

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிகாம்' என்று ஒரு பெட்டி விட்டது. அதன் அண்ணன் தம்பிகளாக மீடியா, சாமுராய் என்று பல பெயர்களில் நம் ஊருக்கு வந்தவற்றில் ஒன்றுதான் எங்களுடையதும். உள்ளே ஒரு சின்ன போர்டு, அதன் மேல் கறுப்பாக ஒரு சொட்டு மெழுகு மாதிரி. மூளையே அந்தச் சொட்டுக்குள்தான்.

கூடவே ஒரு கேசட். அதன் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருந்தது. தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் கேம்! தினம் பத்து விளையாடினாலும் பேரன் காலம் வரை போதும் என்று கணக்குப் போட்டேன். நான்காம் நாள் விஷயம் புரிந்தது. இருப்பது ஏழெட்டுதான். அதே மரியோவை முதல் கட்டத்தில் ஆரம்பித்தால் ஒரு பெயர், மூன்றாம் கட்டத்தில் ஆரம்பித்தால் வேறு பெயர். பிற்காலத்தில் சில பேலன்ஸ் ஷீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேசட் ஞாபகம் வந்திருக்கிறது.

எங்கள் டி.வி. கறுப்பு வெள்ளை. மரியோவின் தொப்பி சிவப்பு என்பதே மீஞ்சூர் மாமா வீட்டுக் கலர் டி.வி.யில் பார்த்துத்தான் தெரியும். படம் வரவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி, புல்லாங்குழல் மாதிரி ஊதி, திரும்பச் செருக வேண்டும். ஊதியதால் சரியாகவில்லையாம். கழற்றி மாட்டியதால்தான் சரியானதாம். எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்ததுதான் மிச்சம். இருக்கட்டும், எத்தனை பக்தியோடு ஊதினோம்!

அந்தப் பெட்டியில் 'சேவ்' என்ற சமாசாரமே கிடையாது. ஏழு கட்டம் தாண்டி எட்டாவதில் நிற்பேன். பொட்டென்று கரண்ட் போகும். வந்தால் மறுபடி ஒன்றாம் கட்டம். எதிரே புகைபோக்கி மட்டும் ஜம்மென்று விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும்.

"ஏன் நைனா, கரண்ட்டே இங்கதானே செய்றாங்க? நமக்கு மட்டும் ஏன் இல்லே?"

"இங்க செய்யறது நேரா நம்ம வூட்டுக்கு வராதுடா. லட்சக்கணக்கான வோல்ட்ல பெரிய லைன்ல போயி, எல்லா ஊர் கரண்ட்டோடயும் கலந்து, சப் ஸ்டேஷன்ல இறங்கி, டிரான்ஸ்பார்மர்ல இறங்கி, அப்புறந்தான் நம்ம வூடு. நடுவுல எங்க அறுந்தாலும் நமக்கு இருட்டுதான்."

"அப்ப என்ன பண்றது?"

"வந்ததும் முதல்லேர்ந்து ஆரம்பி."

அப்பாவுக்கு அது பழக்கம். கான்ட்ராக்ட் முடிந்து வேறு ஆள் எடுக்கும்போதெல்லாம் அவருக்குப் புது பாஸ், புதுப் பெயர்ப் பதிவு. பழைய சர்வீஸ் பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் ஆட வருவார். நைட் ஷிப்ட் முடிந்து, எத்தனை தேய்த்தும் காதோரம் போகாத கரியோடு, இரண்டாவது ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு. ஆட்டம் 'கான்ட்ரா'. துப்பாக்கியோடு இரண்டு பேர் காட்டுக்குள் போகிற கதை. ஆளுக்கு மூன்றே லைஃப். ஆனால் ஆரம்பத்தில் மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது. கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்ற ஜப்பான்காரர் 1986-ல் 'கிரேடியஸ்' என்ற கேமைச் சோதிக்கும்போது, தன்னாலேயே ஆடி முடிக்க முடியவில்லை என்று தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்கு வழி அது. அவர் 2020-ல் காலமானார். அவரால் அத்திப்பட்டில் நாங்கள் எத்தனை முறை பிழைத்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவருக்கு லைஃப் தீர்ந்துவிட்டால் பட்டனைத் தட்டி, கூட ஆடுகிறவரின் லைஃபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நான் எகிறிக் குதித்து முப்பதையும் சீக்கிரமே தீர்த்துவிடுவேன். அப்பா ஒரு ஓரமாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருப்பார். தட்டுவேன். அப்பாவுக்கு ஒன்று குறையும். மறுபடி தட்டுவேன்.

"நைனா, எடுத்துக்கவா?"

"கேட்டுக்கினா எடுக்கறே? எடுத்துக்கோ."

மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். இருவரில் யார் மேலே போகிறாரோ அவரோடு திரையும் ஏறும். கீழே தங்கிவிட்டவர் செத்தார். நான் விறுவிறுவென்று ஏறுவேன். அப்பாவுக்குத் தாவத் தெரியாது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு லைஃப் போகும்.

"இருடா, நைனாவும் வரட்டும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். "நீ ஏறுடா" என்பார் அப்பா.

2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. கப்பலிலிருந்து கரி கன்வேயர் பெல்ட்டிலேயே மின் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தது. வேகன் வேலை சுருங்கியது. அப்பா மறுபடி ஒன்றாம் கட்டத்துக்கு வந்தார். லோடு இறக்கினார், வாட்ச்மேனாக இருந்தார், லாரி ஷெட்டில் கணக்கு எழுதினார். 2006-ல் நான் பி.காம். சேர்ந்தேன். ஃபீஸ் கட்ட வேண்டிய ஒவ்வொரு செமஸ்டரிலும் அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்தார். நான் எதையும் கேட்டதாக நினைவில்லை. தட்டினேன், கிடைத்தது.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் துடைத்து, புது எல்.இ.டி. டி.வி.யில் ஒயரைச் செருகினேன். ஓடியது! தட்டையான பெட்டியில் மரியோ கொஞ்சம் அகலமாகிவிட்டார். எனக்கும் அப்படித்தான், விடுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் சுடவில்லை. "கெட்டுப்போச்சா தாத்தா?" என்றான் பையன். கெடவில்லை. விசையை அழுத்தியதும் திரை கண நேரம் கறுப்பாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் முனையில் இருக்கிற கண் முதலில் இருட்டையும் அப்புறம் வெளிச்சத்தையும் பார்த்தால்தான் வாத்து விழும். அதனால்தான் குண்டு பல்புக்கு நேராகப் பிடித்துச் சுட்ட என் பித்தலாட்டம் அன்று பலிக்கவில்லை. புது டி.வி. கொஞ்சம் தாமதமாகப் படம் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது.

'கான்ட்ரா' போட்டோம். தாத்தாவும் பேரனும். மேலே மேலே கீழே கீழே என்று அப்பாவின் விரல் தானாகப் போனது. எழுபதை நெருங்குகிற விரல்! பேரனுக்குப் பத்து நிமிஷத்தில் முப்பதும் காலி.

"இந்த பட்டனைத் தட்டு. தாத்தாகிட்டேர்ந்து வரும்" என்று அப்பாவே சொல்லிக் கொடுத்தார்.

அருவி வந்தது. பையன் தாவித் தாவி ஏறினான். கீழே தாத்தா ஆள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"டேய், நில்லுடா, தாத்தா வரட்டும்" என்று கத்தியது நான். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ ஏறுடா" என்றார் அப்பா.

பொட்டென்று கரண்ட் போனது.

பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "தாத்தா, சேவ் ஆகியிருக்குமா?"

இருட்டில் அப்பா ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

"அதெல்லாம் இதுல கிடையாதுடா கண்ணு. வரட்டும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."