பதினைந்தடி தூரத்தில் ஒரு கடமான்

செடெனாக் பக்கத்துத் தோட்டப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகையில், "மானை நேரில் பார்த்தவர் யார்?" என்று கேட்டேன். ஒரே ஒரு பையன் கை தூக்கினான். "பார்த்ததில்ல சார், சாப்பிட்டிருக்கேன்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். பிறகு மனம் உறுத்தியது. என் அப்பாவும் ரப்பர்க்காட்டு ஓரத்தில் கண்ணி வைத்துச் சருகுமான் கொண்டு வந்தவர்தாம். லயத்து அடுப்பில் வெந்த அந்தக் கறியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சில் கதை படிக்கும் பிள்ளைகளுக்கு உயிருள்ள மானின் படமொன்றைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. சீட்டு எடுத்த பணத்தில் கேமரா வாங்கினேன். சலவை இயந்திரத்துக்குக் காத்திருந்த என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

2019 மார்ச் விடுமுறையில் தாமான் நெகாராவுக்குப் புறப்பட்டேன். கூலாயில் இரவு ரயில் ஏறி, கெமாஸ் வழியாக ஜெராண்டுட். பிறகு கோல தெம்பெலிங் துறையிலிருந்து படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பகாங், கிளந்தான், திரங்கானு என மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த காடு அது.

மான்கள் மண்ணிலுள்ள உப்பை நக்க வரும் இடங்களில் 'பும்புன்' என்னும் மறைவுக் குடில்கள் உண்டு. முதல் நாள் மாலை அங்கே போய் உட்கார்ந்தேன். கொசுவும் அட்டையும் தவிர எதுவும் வரவில்லை. நள்ளிரவில் டார்ச் ஒளியில் இரண்டு கண்கள் தெரிந்தன. அவசரமாக ஃபிளாஷ் அடித்தேன். கிடைத்தது கறுப்புப் படத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு! இருட்டில் நடமாடும் விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறதாம். அது செய்த வேலை.

சென்னையில் மா. கிருஷ்ணன் (1912–1996) என்றொருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கேமராவால் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். என் கருவியோ கடையில் வாங்கிய புத்தம் புதியது. குறை எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை கோல தஹானில் பசியாறிவிட்டு வெளியே வந்தால், தங்கும் விடுதிக்குப் பின்புறப் புல்லில் ஒரு பெண் கடமான்! மலாய்க்காரர்கள் ரூசா என்பது இதைத்தான். நெஞ்சு படபடக்க, அடிமேல் அடி வைத்தேன். முப்பதடி, இருபதடி, பதினைந்தடி... அது நகரவேயில்லை. ஒரு சுற்றுலாப் பயணி ரொட்டித் துண்டு வீசினார். அதையும் தின்றது. என் மகிழ்ச்சியில் பாதி அப்போதே போய்விட்டது. சட்டென்று அது தலை நிமிர்ந்தது. வாலைத் தூக்கி, முன்காலால் தரையை உதைத்து, 'டாங்க்' என்று கூவியது. அந்தக் கணத்தில்தான் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நொடி புல் மட்டுமே இருந்தது.

படத்தைப் பெரிதாக்கி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். தீபகற்பத்தில் 2009 முதல் கடமான், கேளையாடு வேட்டைக்குத் தடை வந்ததையும், கண்ணி வைப்பதை 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தண்டிப்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். புலிக்குக் கடமான் முக்கிய இரை. 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே இருந்தன என்பதைப் பின்னர் வந்த வகுப்புகளுக்கும் சொல்லி வருகிறேன்.

படம் ஒட்டிய வாரமே, கை தூக்கிய பையன் தன் அப்பாவைக் கூட்டி வந்தான். செம்பனைக் குலை வெட்டுபவர். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"கிட்டப் போயும் ஓடலையா சார்?"

"கொஞ்ச நேரம் நின்றது" என்றேன்.

அவர் மானின் பின்னங்காலில் விரல் வைத்தார். மயிர் முளைக்காத மெல்லிய வளையம் ஒன்று அங்கே இருந்தது. அத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை.

"இது கம்பி அறுத்த தழும்பு சார்" என்றார், மகன் முகத்தைப் பார்க்காமல்.