கருப்பட்டிக் காசு

ஓய்வுநாள் பாடசாலை வேதாகமத் தேர்வில் நான் தொடர்ந்து ஆறு வருடம் முதல் பரிசு வாங்கியவன். பரிசு, எவர்சில்வர் டம்ளர். ஆறு டம்ளரும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அடியில் என் பெயர் வெட்டியிருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நோய் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொல்கிறேன். யார் என்ன கேட்டாலும் அதிகாரம், வசனம் சகிதம் பதில் சொல்லிவிட வேண்டும் என்கிற நோய். கேட்டவர் எதற்காகக் கேட்டார் என்று யோசிப்பதற்கு அந்தத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.

எங்கள் ஊர் நாசரேத் பக்கம். அப்பா பரம்பரை சி.எஸ்.ஐ. அம்மா வடக்கன்குளத்து ஆர்.சி. தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். கல்யாணத்துக்காக அப்பாவின் சபைக்கு வந்துவிட்டாள். வெளியாட்களுக்கு இரண்டு பேருமே வேதக்காரர்கள்தான். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அவர்களுக்குப் பூசை, எங்களுக்கு ஆராதனை. அவர்களுக்குச் சாமியார், எங்களுக்கு ஐயர். அவர்கள் வேதாகமத்தில் 73 புத்தகங்கள், எங்களுடையதில் 66.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் செத்துப்போனவர்கள் விஷயத்தில். ஆர்.சி.க்காரர்களுக்கு மோட்சத்துக்குப் போகிற வழியில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று உண்டு. கடவுளோடு சமாதானமாகச் செத்தும் இன்னும் முழுக்கச் சுத்தமாகாத ஆத்துமா அங்கே சுத்தமாகும். இங்கே இருப்பவர்கள் ஒப்புக்கொடுக்கும் பூசையும் செபமும் அதற்குத் துணை. எங்களுக்கு அந்த நடுவழி நிறுத்தமே கிடையாது. கண்ணை மூடினால் கணக்கு முடிந்தது. பிழைத்திருப்பவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அம்மா இதையெல்லாம் ஏற்றுக்கொண்டவள் மாதிரிதான் இருந்தாள். சர்ச்சில் ஜெபம் முடியும்போது மட்டும் அவள் வலது கை தானாக நெற்றிக்குக் கிளம்பும். பாதி வழியில் நினைவு வந்து, காதோர முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கும். பிறகு, நவம்பர் 2. ஆர்.சி.க்காரர்களின் கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் அடுக்களை ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி எரியும். “ஐப்பசி மழை. கரண்டு எப்பம் வேணாலும் போவும்” என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தத் தேதியில் ஒரு வருடம்கூடக் கரண்டு போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காலேஜுக்குப் போனதும் என் நோய் முற்றியது. ஒரு நவம்பரில், அம்மா அருவாமனையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். இந்தக் கல்லறைத் திருநாளே பிரான்சில் குளூனி என்கிற மடத்தின் தலைவர் ஒதிலோ ஆயிரம் வருடத்துக்கு முன் தன் மடங்களில் ஆரம்பித்து வைத்தது. அப்படியென்றால் அதற்கு முன் செத்தவர்கள் கதி என்ன? 1517இல் லூத்தர் எதற்காகக் கொதித்தெழுந்தார் தெரியுமா? உத்தரிக்கிற ஸ்தலத்தின் பேரைச் சொல்லிப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதால்தான். இவர்கள் காட்டுகிற ஆதாரம், யூதா மக்கபே என்கிற தளபதி செத்த வீரர்களுக்காகப் பலி செலுத்தச் சொல்லி எருசலேமுக்குப் பணம் அனுப்பிய கதை. மக்கபேயர் இரண்டாம் புத்தகம், 12ஆம் அதிகாரம். அந்தப் புத்தகமே நம்முடைய 66இல் இல்லையே!

அம்மா செதிள் ஒட்டிய புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “சரிய்யா. ஒனக்குத் தெரியாததா” என்றாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011இல் அப்பா போனார். அடக்க ஆராதனையில் ஐயர், அவர் இப்போதே பரதீசில் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பிரசங்கம் செய்தார். கல்லறைக் கல்லில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று வெட்டினோம். கல் வைத்த அன்று அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: “எய்யா, அப்பா தூங்குதாவளா, நம்மளப் பாத்துக்கிட்டு இருக்காவளா?”

அருமையான கேள்வி! பெரிய பெரிய ஆட்களே மோதிக்கொண்ட இடம். விடுவேனா? சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு அன்றைக்கே பரதீசு என்று வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். கடைசி எக்காளம் தொனிக்கும்போதுதான் மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொன்னேன். லூத்தர் மரணத்தை உறக்கமாகவே பல இடங்களில் பேசியிருப்பதையும், ஆத்துமா தூங்கவே தூங்காது என்று கால்வின் 1534இல் தனியாக ஒரு புத்தகமே எழுதியதையும் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். அம்மா கடைசிவரை கேட்டாள்.

“அப்பம், ராத்திரி பேசுனா அவியளுக்குக் கேக்குமா, கேக்காதா?”

“அது வேதத்துல தெளிவா இல்லம்மா” என்றேன்.

ரொம்பப் பின்னால்தான் ஒன்றை வாசித்தேன். எங்கள் சபைக்கு வழிவழியாக வந்து சேர்ந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் முதன்முதலில் வந்தது 1549இல். அதில் குழியில் மண் போடும் குருவானவர், செத்தவரைப் பார்த்தே பேசுவார். உன் ஆத்துமாவை ஒப்புவிக்கிறேன் என்பார். 1552இல் புத்தகத்தைத் திருத்தினார்கள். அதன்பிறகு குருவானவர் குழியைப் பார்த்துப் பேசுவதில்லை. சுற்றி நிற்பவர்களிடம், செத்தவரைப் பற்றிப் பேசுகிறார். மூன்றே வருடத்தில் ஆள் ‘நீ’யிலிருந்து ‘அவர்’ ஆகிவிட்டார். அம்மா கேட்டது அந்த மூன்று வருடத்தைப் பற்றி. நான் லூத்தரையும் கால்வினையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா போன வருடத்திலிருந்து அம்மாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ஆடி மாதம் பிறந்தால், “வடக்கன்குளம் அத்தைக்குக் கருப்பட்டிக்குக் காசு அனுப்புய்யா” என்பாள். உடன்குடிக் கருப்பட்டி எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஊர் உலகமே அதைத் தேடி வரும்போது, இவள் ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரிலிருந்து வரவழைப்பாள். பிறந்த வீட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டு நானும் அனுப்புவேன். அனுப்பிய காசுக்குக் கருப்பட்டி குறைவாகத்தான் வரும். அத்தை கொஞ்சம் அப்படி இப்படி என்று என் மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

2018 ஆவணியில் அம்மா படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கட்டிலில் உட்கார்ந்து அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். இடது கை முடிந்து வலது கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்.

“எய்யா.”

“ம்.”

“நான் போன பெறவு, எங்க ஊருல என் பேருக்கு ஒரு பூசை வைப்பியா?”

மோதிர விரலில் இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எதுக்கும்மா? நீ நேரா பரதீசுக்குல்லா போவ. பூசைலாம் ஒனக்குத் தேவையே இல்ல” என்றேன்.

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். இப்போது யோசித்தாலும் அது நல்ல பதில்தான். தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அம்மா கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். “சரிய்யா” என்றாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பால்காரர் வந்துட்டாரான்னு பாரு” என்றாள். மணி இரண்டரை. பால்காரர் ஐந்து மணிக்குத்தான் வருவார். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் வெட்டாமல் நின்றுவிட்டது.

பத்து நாளில் போய்விட்டாள். எல்லாம் எங்கள் முறைப்படி ஒழுங்காக நடந்தது.

அந்த நவம்பர் 2 அன்று வடக்கன்குளம் போனேன். பக்தியெல்லாம் இல்லை, அம்மாவின் பழைய நார்ப்பெட்டி ஒன்றை அத்தை கேட்டிருந்தாள், லீவும் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில். அங்கேயே போனேன். புல் செதுக்கி, வெள்ளையடித்து, செவ்வந்தியும் கேந்தியும் போட்டு, ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி. சின்னப் பிள்ளைகள் உருகிய மெழுகை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி கல்லறை மேலேயே உட்கார்ந்து, பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதை உள்ளே இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமியார் மந்திரிக்க வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்கிற அவசரம் குரலில்.

பூசையில், உபதேசியார் மைக்கில் செத்தவர்களின் பெயர்களை வாசித்தார். நீளமான பட்டியல். ஊர்க்காரர்களின் பெயர்கள், எனக்கு யாரென்று தெரியாது. திடீரென்று என் அப்பா பெயர். ஊரையும் சேர்த்துத்தான் வாசித்தார், சந்தேகத்துக்கு இடமில்லை. தன் வாழ்நாளில் ஒரு பூசையிலும் முழங்கால் படியிடாத மனிதர். அடுத்து அம்மா பெயர் வரும் என்று காத்திருந்தேன். வேறு யாரோ வந்தார்கள். அதற்கடுத்தும் வேறு யாரோ. பட்டியல் முடிந்தது.

அத்தை பக்கத்தில் நகர்ந்து வந்தாள். “எட்டு வருசமா வாசிக்காவ மருமவனே. கருப்பட்டிக் காசுல பூசைக்குன்னு எடுத்துக்கிடச் சொல்லுவா ஒங்கம்மா. இந்த வருசத்துக்கும் ஆடியிலயே வந்துட்டுல்லா.”

“அம்மா பேரு?”

அத்தை என்னை ஒருமாதிரி பார்த்தாள். “நான் பாக்க வந்திருந்தேன்லா, அந்த ஞாயித்துக்கிழம. அன்னைக்கே கேட்டேன், ஒங்க பேரையும் நான் சேத்துருதேன் மைனின்னு. ‘வேண்டாம், எனக்கு என் மவன் வைப்பான்’னுட்டா. நீ வச்சிருப்பன்னுல்லா நான் இருந்தேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான் நகம் வெட்டிய நாளுக்கு மூன்று நாள் கழித்து.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில், ஒரு ஸ்டூலில் நோட்டை வைத்துக்கொண்டு உபதேசியார் அந்த மாதத்துப் பூசைகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் போய் நின்றேன். உத்தரிக்கிற ஸ்தலத்தில் எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. என் 66 புத்தகங்களில் அது இல்லைதான். என் முறை வந்தது.

“ஆத்துமத்துக்கா, சுகத்துக்கா?”

“ஆத்துமத்துக்கு.”

அம்மாவின் பெயரைச் சொன்னேன். எழுதினார்.

“நீங்க அவியளுக்கு?”

“மகன்.”

நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “மகனா? முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கே வாசிச்சிருப்பமே” என்றார்.